மைன்கிராஃப்டில் சிரிக்கும் ஆக்ஸலாட்டல்... தாம்பரம் வெயிலைத் தாங்குமா?

"அம்மா, எனக்கு ஒரு ஆக்ஸலாட்டல் வாங்கித் தா!"

நாய்க்குட்டி, லவ் பேர்ட்ஸ் என்று கேட்ட காலம் போய், இப்படிக் கேட்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 2021-ல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் வந்த இந்த ரோஸ் நிற ஜீவன், அதன்பின் பென்சில் பாக்ஸ், பொம்மை, ரீல்ஸ் என்று எல்லா இடத்திலும் சிரிக்கிறது. சரி, வீட்டுத் தொட்டியில் அதை வளர்க்க முடியுமா? அதுவும் தாம்பரத்தில்?

மீன் அல்ல!

பார்க்க மீன் மாதிரி இருந்தாலும், ஆக்ஸலாட்டல் தவளையின் தூரத்துச் சொந்தம். சாலமாண்டர் என்ற நீர்நில வாழ்வன வகையைச் சேர்ந்தது. தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாகிக் கரையேறும் இல்லையா? ஆக்ஸலாட்டல் பொதுவாகக் கரையேறாது. தலையின் இரு பக்கமும் இறகு போல விரியும் செவுள்களோடு, கடைசிவரை தண்ணீரிலேயே இருந்துவிடும். கால் துண்டானாலும் திரும்ப முளைக்கும் என்பதால், உலகம் முழுக்க விஞ்ஞானிகளுக்கு இது செல்லப்பிள்ளை.

சொந்த ஊர், மெக்ஸிகோ சிட்டியின் சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்கள். அங்கே 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014 கணக்கெடுப்பில் அது 36 ஆகச் சுருங்கிவிட்டது. நகரம் பெருகியது, தண்ணீர் கெட்டது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் ஏரியைப் பிடித்துக்கொண்டன. ஏரியைத் தொலைத்த கதை, பள்ளிக்கரணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல.

18 டிகிரி கணக்கு

இதற்கு ஏற்ற தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24-ஐத் தாண்டி நீடித்தால் ஆபத்து. சாப்பிடாது, செவுள் சுருங்கும், உடம்பில் பஞ்சு மாதிரி பூஞ்சை படரும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் குறையும்.

நம்ம ஊர் நிலவரம்? மீனம்பாக்கத்தில் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி சர்வசாதாரணம். மார்கழியிலேயே பகலில் 29 டிகிரியைத் தொடும். மே மாத மதியம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

தொட்டிமேல் ஃபேன் வைத்தால் ஓரிரண்டு டிகிரி குறையும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. ஐஸ் பாட்டில் போட்டால் ஏறி இறங்கும் வெப்பமே அதை வாட்டும். ஃப்ரிட்ஜ் போல கம்ப்ரஸரில் ஓடும் சில்லர்தான் ஒரே வழி. அது ராப்பகலாக ஓட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் கரன்ட் இல்லாமல் தவித்ததை யோசித்துப் பாருங்கள். அப்படியொரு நாளில் அந்தத் தொட்டியின் கதி?

இன்னொரு கணக்கும் உண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 வருடம் வாழும். ஐந்தாம் வகுப்பில் ஆசைப்பட்ட பிள்ளை காலேஜ் முடிக்கும்வரை மண்புழு போட்டு, தண்ணீர் மாற்றுவது யார்? பெரும்பாலும் அம்மா!

சட்டம் என்ன சொல்கிறது?

ஆக்ஸலாட்டல், சைட்டீஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். அந்த ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்களை, 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தன் நான்காவது அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர்கள், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்துவிட்டன. எனவே கொளத்தூர் மீன் மார்க்கெட்டோ, இன்ஸ்டாகிராம் விற்பனையோ, 'பேப்பர் எல்லாம் வேண்டாம் சார்' என்று சொன்னால் உஷாராகிவிடுங்கள். வெளிநாட்டு விலங்குகளைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்து சென்னை ஏர்போர்ட்டில் பிடிபடும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. நாம் கொடுக்கும் காசு அந்தச் சங்கிலிக்குப் போய்விடக் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா?

* தெர்மாமீட்டர் கட்டாயம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.
* கூழாங்கல் போடாதீர்கள். வாயைத் திறந்து உறிஞ்சித்தான் இரை பிடிக்கும், கல்லையும் விழுங்கிவிடும்.
* மற்ற மீன்களோடு விடாதீர்கள். மீன்கள் செவுளைக் கடிக்கும், சின்ன மீனை இது விழுங்கும்.
* குழாய்த் தண்ணீரில் குளோரினை நீக்கிய பிறகே ஊற்றுங்கள்.
* முடியவில்லை என்று சேலையூர் ஏரியிலோ சிட்லபாக்கம் ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். இந்தச் சூட்டில் அது பிழைக்காது. அதன் நோய்க்கிருமி நம்ம ஊர்த் தவளைகளுக்குத் தொற்றவும் கூடும்.

அப்போ பிள்ளைக்கு என்ன பதில்?

வெறுமனே 'முடியாது' என்று சொன்னால் அழுகைதான் மிஞ்சும். காரணத்தைக் காட்டுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, காலை, மதியம், இரவு என ஒரு வாரம் தெர்மாமீட்டரில் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். 18-ஐ எத்தனை முறை தொட்டது என்று அவர்களே எண்ணட்டும்.

மீன் வளர்க்கும் ஆசை தீரவில்லை என்றால் கப்பி, மோலி போதும், நம்ம ஊர்ச் சூட்டுக்குப் பழகியவை. விலங்குமேல் பாசம் என்றால் வண்டலூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள உயிரியல் பூங்காவில் ஒரு விலங்கைத் தத்தெடுத்து அதன் உணவுச் செலவை ஏற்கும் திட்டம் உண்டு. பிறந்தநாளுக்கு அதைப் பரிசாகக் கொடுக்கலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், பூங்காவுக்கு லீவு!

ஆக்ஸலாட்டல் சிரிப்பது போலத் தெரிவது அதன் வாயின் அமைப்பால்தான். சூட்டில் துடிக்கும்போதும் அது அப்படியேதான் இருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய விஷயம் அதுதான்.