பார்வையாளர் நேரக் கவிதைகள்

சென்ற மூன்று வருஷங்களில், இந்தப் பத்திரிகையில் வந்தவற்றையும் சேர்த்து, நான் படித்த கூண்டுச் சிறுத்தைக் கவிதைகள் பதினொன்று. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்; எண்ணுவது என் பிழைப்பு. பதினொன்றிலும் சிறுத்தை கம்பிகளுக்குப் பின்னால் போகிறது, வருகிறது. ஏழில் அது கறுப்பு. எல்லாவற்றிலும் கடைசி வரிக்குள் அது கவிஞராகிவிடுகிறது. பன்னிரண்டாவதும் ஒன்று உண்டு. பத்து வருஷத்துக்கு முன் நான் எழுதியது. வெளியிட்ட பத்திரிகை நின்றுவிட்டது. அதையும் சேர்த்தே பேசுகிறேன்.

இவற்றுக்கு மூலம் எது என்று நம் வட்டத்தில் விளக்கத் தேவையில்லை. ரில்கே பாரிஸுக்குப் போனது 1902ல். ரோடினின் அருகாமையில் அவர் கற்றது, தன் மனநெகிழ்ச்சியை ஒதுக்கிவைத்து எதிரிலிருக்கும் பொருளைப் பார்க்கிற ஒழுக்கம். தாவரத் தோட்டத்து மிருகக் கூண்டின் முன் போய் நின்றார். 1907ல் வெளிவந்த 'புதிய கவிதைகள்' தொகுப்பில் இருக்கும் அந்தக் கவிதை அதில் விளைந்தது. அவர் மிருகத்தைப் பார்த்தார். நாம் ரில்கேயைப் பார்க்கிறோம், அதுவும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில். அந்தக் கவிதையில் மிருகம் கறுப்பு என்று ஒரு சொல்கூடக் கிடையாது. ஜெர்மனில் பாந்தர் என்றால் சிறுத்தைதான். கருஞ்சிறுத்தை தனி இனமும் அல்ல. நிறமி மிகுந்து பிறந்த சாதாரணச் சிறுத்தை. நல்ல வெயிலில் கறுப்புக்குள்ளே புள்ளிகள் தெரியும். நம் ஏழு பேரும் வெயிலில் பார்க்கவில்லை, அல்லது பார்க்கவே இல்லை.

இரண்டு கவிதைகளில் அது வெட்டவெளியில் ஓடுகிறது. 2022ல் நமீபியாவிலிருந்து குனோவுக்கு வந்த சிவிங்கிப்புலியைச் சிறுத்தை என்று எழுதிய நிருபர்களை மன்னிக்கலாம், அவர்களுக்கு அவசரம். சொல்லையே முதலாக வைத்துத் தொழில் நடத்துகிறவருக்கு என்ன அவசரம்? சிறுத்தை ஓடிப் பிடிக்கிற மிருகமல்ல. வயிறு தரையில் தேய நெருங்கி, மிகக் கிட்டத்திலிருந்து பாய்கிறது. தவறினால் அதிக தூரம் துரத்துவதில்லை.

'கவிதை விலங்கியல் பாடமல்ல, சிறுத்தை ஒரு படிமம்' என்று பதில் வரும். சரி, எதன் படிமம்? பறிபோன சுதந்திரத்தின் படிமம் என்பார்கள். எனக்கு ஆட்சேபணை இங்கேதான் ஆரம்பமாகிறது. சுதந்திரம் நம் சொல். அந்த மிருகத்தின் உடம்பும் பழக்கமும் வேறொரு காரியத்துக்கு அமைந்தவை: தெரியாமல் இருப்பது. இலைநிழலில் கரைகிற புள்ளிகள், இரவு நடமாட்டம் எல்லாம் அதற்காக. தாய் தன் குட்டிகளை இடம் மாற்றி மாற்றி ஒளிக்கிறது. சிங்கமும் கழுதைப்புலியும் உள்ள ஆப்பிரிக்காவில் இரையை மரத்துக்கு மேல் ஏற்றி வைக்கிறது. தனக்கு மேலே வேறு வேட்டைமிருகம் இல்லாத இலங்கையில் அப்படிச் செய்வது அபூர்வம். இன்னொரு சிறுத்தையோடுகூட நேர்ப் பேச்சு குறைவு. மூத்திர வாசனை, தரையிலும் மரப்பட்டையிலும் நகக்கீறல், ரம்பம் அறுப்பதுபோல் ஒரு கரகரத்த குரல் எல்லாம் ஒருவரையொருவர் சந்திக்காமல் காலம் தள்ளுவதற்கான ஏற்பாடுகள்.

இதைச் செய்ய அதற்குக் கன்னிக்காடு தேவையில்லை. மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா 104 சதுர கிலோமீட்டர். அதன் ஓரத்திலேயே அடுக்குமாடிகளும் குடிசைகளும். 2015ல் நடந்த கணக்கெடுப்பில் அங்கே 35 சிறுத்தைகள். தெருநாயைப் பிடித்துத் தின்றுகொண்டு மனிதர்களின் கொல்லைப்புறத்தில் இரவு நேரங்களில் வாழ்க்கை நடத்துகின்றன. 2009ல் மகாராஷ்டிரத்தில் ஒரு கிணற்றிலிருந்து மீட்ட கிழட்டுச் சிறுத்தைக்கு வித்யா அத்ரேயா குழுவினர் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி மால்ஷேஜ் கணவாயில் விட்டார்கள். அஜோபா, அதாவது தாத்தா, என்று பெயர். அது சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பைப் பூங்காவுக்கே வந்து சேர்ந்தது. ஊர்களையும் சாலைகளையும் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் அந்தப் பயணம் யாருக்கும் தெரிந்திராது. 2011ல் வாகனத்தில் அடிபட்டுச் செத்தது. காடு என்றால் விடுதலை, நகரம் என்றால் கூண்டு என்கிற நம் கவிதைக் கணக்கு அஜோபாவிடம் செல்லாது.

ஆக, காட்சிசாலை அதனிடமிருந்து எடுத்துக்கொள்வது மறைவை. கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். பிறகு கவிஞர் வந்து இன்னொரு தடவை காட்டுகிறார். ரில்கேமேலும் எனக்கு இந்த ஒரு புகார் உண்டு. அவர் மிருகத்தின் பார்வைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். பார்க்கப்படுவது அதற்கு என்ன செய்தது என்று கேட்கவில்லை.

இதை எழுதுமுன் ஒரு காட்சிசாலையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். சிறுத்தை பகல் பூராவும் பெரும்பாலும் தூங்கிற்று, பின்சுவரோரம், முதுகைக் காட்டிக்கொண்டு. ஜனங்கள் கைதட்டினார்கள். ஒரு பையன் பாட்டில் மூடியை எறிந்தான். "நடக்கச் சொல்லுப்பா" என்று ஒரு குழந்தை தகப்பனிடம் அழுதது. பதினொரு கவிஞர்களும் அந்தக் குழந்தையின் கட்சி. நாலு மணிக்குப் பின்கட்டில் வாளிச் சத்தம் கேட்டதும் எழுந்து வேலியோரம் நடக்க ஆரம்பித்தது. ஒரே தடம், ஒரே திருப்பம். அந்தப் பட்டையில் புல் இல்லை. கவிதைக்கு வேண்டிய நாற்பது நிமிஷம் அதுதான்.

தென்னிந்தியாவின் நாலு காட்சிசாலைகளில் சிறுத்தைகளைக் கவனித்து அவந்தி மல்லாப்பூரும் ரவி செல்லமும் 2002ல் எழுதிய கட்டுரைகள் உண்டு. வேலியோரத்தை நடப்பதற்கும் பின்பகுதியை ஓய்வுக்கும் அவை பயன்படுத்தின என்கிறார்கள். கூடவே இன்னொன்று: ஜனங்கள் பார்க்கும் வெளியில் இருந்தபோதைவிட, உள்ளே கொட்டடியில் அடைபட்டிருந்தபோதுதான் இந்த அர்த்தமற்ற நடை அதிகம். இது என் கட்சிக்கு இடைஞ்சல். பார்க்கப்படுவதுதான் கொடுமை என்றால் யாரும் பார்க்காத இடத்தில் அது ஓய்ந்திருக்க வேண்டுமே?

இரண்டு வாரம் இதோடு மல்லாடினேன். மறைவென்பதை ஆளில்லாத இடம் என்று நான் எண்ணியிருந்தது தவறு. ஒளிவதற்குப் புதர் வேண்டும், ஏற மரம் வேண்டும், எங்கே ஒளிவது என்பதை அது தேர்ந்துகொள்ள வேண்டும். சிமெண்டுக் கொட்டடியில் யாரும் பார்ப்பதில்லை, ஆனால் ஒளியவும் இடமில்லை. அதன் நாள் தொடங்குகிற நேரத்தில் அதை அங்கேதான் பூட்டுகிறார்கள். நம் கவிதைகளில் இரவுக் கொட்டடி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒன்பதிலிருந்து ஐந்துக்குள் எழுதப்பட்டவை.

"நீங்க கேஷ் கூண்டுக்குள்ள உட்கார்றவர், உங்களுக்கே புரியலைன்னா எப்படி?" என்றார் பதினொருவரில் ஒருவரான நண்பர். அந்தக் கூண்டுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. சாயங்காலம் கணக்கை முடித்துத் திறந்துகொண்டு போகிறேன். முதல் தேதிக்குப் பஞ்சப்படியோடு சம்பளம். என் சலிப்பு பொய்யில்லை. அதற்கென்று ஒரு கவிதை வேண்டும். அதில் சில்லறைக்குச் சண்டை போடும் கிழவரும் கிழிந்த நோட்டும் நானும் வரவேண்டும். அதை எழுதத் தைரியமில்லாமல், ஒரு மதிய இடைவேளையில், செலானின் முதுகில், பார்த்தேயிராத மிருகத்தின் தோலை உரித்துப் போர்த்திக்கொண்டேன். பன்னிரண்டாவது கவிதை அது. தொகுப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு மணியடித்தபின்னும் நான் எழுந்திருக்கவில்லை. பின்கதவு தூக்கப்படும் சத்தம் கேட்டது. சிறுத்தை நடையை நிறுத்தித் தாழக் குனிந்து உள்ளே போயிற்று. கதவு இறங்கியது. "ஸார், நேரமாச்சு" என்று காவலாளி வந்து என்னை வெளியே அனுப்பினார்.