பஸ்ஸில் இடம் இருக்கிறது!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் தொழிற்சங்கம் கிடையாது. இருந்திருந்தால், "சங்கத்து உல்லாசப் பிரயாணத்தை நடத்திப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்!

புதுச்சேரியில் என் நண்பர் ஒருவர் ஒரு சங்கத்தின் காரியதரிசி. நிர்வாகத்தோடு போராடும்போதெல்லாம் அவருக்குத் தலைவலி வந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு முறை அங்கத்தினர்களை வெளியூருக்கு அழைத்துப் போகும்போதுதான் வருகிறது. பாதிப் பேருக்கு மலை வேண்டும். பாதிப் பேருக்குக் கோயில் வேண்டும். மலைமேல் கோயில் என்றால் இரு சாராருமே முழங்கால் வலி என்பார்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறவர் எழுபது பேர். முன்பணம் கட்டுகிறவர் முப்பது பேர். புறப்படும் அன்று விடியற்காலையில் மாமியாரோடும் மூன்று குழந்தைகளோடும் வந்து நிற்கிறவர் இருவர். நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் மிகைப்படுத்தவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கென்றே இன்னொரு சங்கடமும் உண்டு. ஊரைவிட்டுக் கொஞ்ச தூரம் போனாலே தமிழ்நாட்டு எல்லை, சோதனைச் சாவடி. எவனாவது ஒரு மகானுபாவன் துண்டுக்குள் ஒரு பாட்டிலைச் சுற்றி வைத்திருந்தால் பஸ் முழுவதும் ரோட்டோரத்தில் நிற்க வேண்டியதுதான். ஆகவே, பஸ் ஏறுமுன் எல்லாருடைய பையையும் காரியதரிசியே திறந்து பார்த்துவிடுவார். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கூட்டம் சேர்த்துப் பிரயாணம் போகும் தொழிலுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் தாமஸ் குக், 1841 ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். எதற்கு என்கிறீர்கள்? மதுவிலக்குக் கூட்டத்துக்கு!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் இந்தத் தடவை குறுக்கே வந்தது.

ஏற்காட்டுக்கு இரண்டு நாள் பயணம் என்று கமிட்டிக் கூட்டத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார். காரியதரிசி மரியாதைக்கு, "நீங்களும் வாங்களேன் அக்கா, பஸ்ஸுல இடம் இருக்கு" என்றார்.

"பஸ்ஸுல இடம் இருக்கும் தம்பி. ரெண்டு நாள் கூலி போயிடுமே!" என்று சொல்லிவிட்டு அவர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலைக்கு வராத நாளுக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சற்று இருந்தது.

வாசகர்களே, இந்த ஊரில் அந்த வார்த்தை சற்று அதிகமாகவே உறைக்க வேண்டும். 1936-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஜூன் மாதம் பிரான்சில் தொழிலாளிகள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். லியோன் ப்ளூம் தலைமையிலான அரசாங்கம் ஜூன் 20-ஆம் தேதி, வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் செய்தது. லியோ லக்ராஞ்ச் என்ற இளம் மந்திரி லீவில் போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது குறைத்து வாங்கிக் கொடுத்தார். ஆயுள் முழுவதும் தறியையும் உலையையுமே பார்த்தவர்கள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள்.

அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் அடுத்த மாதம் நடந்தது வேறு. ஜூலை 30-ஆம் தேதி, வேலைநேரத்தைக் குறைக்கவும் கூலியை உயர்த்தவும் சங்கம் வைக்கவும் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்த சவானா மில் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் மாண்டார்கள். வ. சுப்பையாவும் தொழிலாளர்களும் விடாமல் போராடியதன் பேரில், 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிலாளர் சட்டம் வந்தது. சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் இந்த மண்ணுக்கு அப்படித்தான் கிடைத்தன. அந்த மில் பிற்பாடு சுதேசி மில் ஆயிற்று. அதுவும், பாரதி மில்லும், ஊரார் ரோடியர் மில் என்றே அழைத்த ஆங்கிலோ-பிரெஞ்சு மில்லும் 2020-இல் மூடப்பட்டுவிட்டன. ஆனாலும், ஜூலை 30 வந்தால் அந்தப் பன்னிருவருக்கு இன்றைக்கும் மாலை போடுகிறார்கள்.

இந்தியாவின் 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமும், வருஷத்தில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்று சொல்லிற்று. ஆனால் பல இடங்களில் ஒப்பந்தக்காரர் மாறினால் தொழிலாளியின் நாள் கணக்கும் முதலிலிருந்து ஆரம்பமாகிவிடுகிறது. துடைப்பம் அதே துடைப்பம், வாசல் அதே வாசல். கணக்கு மட்டும் புதுக் கணக்கு!

கூட்டத்தில் கடைசியாகப் பேசியவர் ஒரு வயதான அங்கத்தினர். "ஏற்காடு வேண்டாம். ஒரே நாள், செஞ்சிக்குப் போவோம். மிச்சமாகிற பணத்துல அவங்க பதினோரு பேருக்கும் ஒரு நாள் கூலியைச் சங்கமே கொடுக்கட்டும்" என்றார்.

"சந்தா கட்டாதவங்களுக்கு எங்க பணமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கெட்டவரல்ல, ஏற்காடு போகலாம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். வாக்கெடுத்தார்கள். இரண்டே வாக்கு வித்தியாசத்தில் செஞ்சி ஜெயித்தது. மூன்று பேர் பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மகளுக்கு வாக்குக் கொடுத்தவர் வாங்கவில்லை. மகளோடு வந்து, பஸ்ஸில் ஜன்னலோரத்து இடத்தையும் பிடித்துக்கொண்டார்!

செஞ்சியில் இளவட்டங்கள் ராஜகிரி உச்சிவரை ஏறினார்கள். 1750 முதல் 1761 வரை இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது என்று நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன். கேட்கத்தான் ஆளில்லை, புளியோதரைப் பொட்டலம் பிரித்துவிட்டார்கள். டீ கொண்டுவந்த அக்கா கல்யாண மகால் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். "இம்மாம் பெரிய கோட்டைய யாரு தம்பி பெருக்குறாங்க?" என்று கேட்டார். பதினோரு வருஷம் பத்திரிகையில் எழுதுகிற எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

ஒரு நாள் கூலியைக் கொடுத்ததால் அவர்கள் குறை தீர்ந்துவிடவில்லை. மறுநாளும் அதே ஒப்பந்தம், அதே துடைப்பம். அதைச் சங்கமும் மறக்கவில்லை. வரவு செலவைப் பொதுக்குழுவில் காலணா பாக்கியில்லாமல் வாசித்து முடித்த காரியதரிசி, அடுத்த விஷயமாக ஒன்றை எழுதிக்கொண்டார்: ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு லீவு கேட்பது. பிரயாணத்தில் கிடைத்த லாபம் இது ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டாலும், எனக்குத் திருப்தியே.

நீங்களும் உங்கள் சங்கத்தில் பிரயாணம் போடுவீர்கள். பஸ் வாடகையை விசாரிக்குமுன், உங்களோடு வேலை செய்கிறவர்களில் யாருக்கு லீவு இல்லை என்று விசாரியுங்கள். பாட்டிலைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.