வெள்ளைக்காரன் கட்சியில 'நல்ல கட்சி' எது?



வாட்ஸ்அப்ல ஒரு பதிவு சுத்துது. "சர்ச்சில் கெட்டவர், அட்லி நல்லவர். லேபர் கட்சி ஜெயிச்சதாலதான் நமக்கு சுதந்திரம் கிடைச்சது." படிச்ச பிள்ளைங்களே இதை ஃபார்வர்ட் பண்றாங்க.

வண்ணாரப்பேட்டைக்காரன் இதை நம்பலாமா? கம்பெனிக்காரன் கப்பல்ல ஏத்துன துணியை வெளுத்துக் கொடுத்தவங்க குடியிருந்ததாலதானே இந்தப் பேட்டைக்கே இந்தப் பேரு! லண்டன்ல எந்தக் கட்சி ஆண்டப்போ இங்க என்ன நடந்துச்சுன்னு வரிசையா பாத்துடுவோம்.

🔴 1876-78 தாது வருசப் பஞ்சம். பிரதமர் டிஸ்ரேலி, கன்சர்வேட்டிவ். ஜனங்க லட்சக்கணக்கில் செத்தாங்க. நிவாரண வேலை செஞ்சவங்களுக்கு ஒரு நாளைக்கு அரை கிலோ தானியம்கூட முழுசா கிடையாதுன்னு 1877-ல் கூலியைக் குறைச்சாங்க. கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் கால்வாய், பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களை வைத்து வெட்டியதுதான். பேரு மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பேரு!

🔴 சரி, லிபரல் கட்சி? நியாயத்தையும் சொல்லணும். பிரதமர் கிளாட்ஸ்டன் அனுப்பிய வைஸ்ராய் ரிப்பன், இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தை நீக்கினார். நம்ம மாநகராட்சி மாளிகை அவர் பேரில்தான் நிற்குது. ஆனா அதே லிபரல் கட்சியின் அஸ்க்வித் பிரதமரா இருந்த 1908-லதான் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. செஞ்ச குற்றம்? கப்பல் விட்டது, தூத்துக்குடி ஆலைத் தொழிலாளிக்காக நின்னது. 1921-ல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பு பக்கம் போலீஸ் சுட்டுச்சே, அப்போ பிரதமர் லாயிட் ஜார்ஜ். அவரும் லிபரல்தான்.

🔴 இப்ப லேபர் கட்சிக்கு வருவோம். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் மே தினம். அப்போ லண்டனில் கன்சர்வேட்டிவ் ஆட்சி. அடுத்த வருசம் ராம்சே மெக்டொனால்டு தலைமையில் லேபர் கட்சி முதல் முறையா ஆட்சிக்கு வந்துச்சு. பேருலயே 'தொழிலாளர்' இருக்கே! அந்த ஆட்சியிலதான் சிங்காரவேலரை கான்பூர் சதி வழக்கில் குற்றவாளியா சேர்த்தாங்க. 1931 மார்ச் 23-ல் பகத்சிங்கைத் தூக்கில் போட்டப்பவும் பிரதமர் அதே மெக்டொனால்டு. கட்சியும் அதே லேபர்.

🔴 அப்புறம் அட்லி. 1928-ல் "சைமனே திரும்பிப் போ"ன்னு நாடே கறுப்புக் கொடி காட்டுச்சே, அந்தக் கமிஷனில் அவர் ஒரு உறுப்பினர். 1943 வங்கப் பஞ்சத்துக்கு சர்ச்சிலைத் திட்டுறோம், திட்டணும். அந்த அமைச்சரவையின் துணைப் பிரதமர் யாரு? இதே அட்லிதான்!

1947-ல் சுதந்திரம் வந்தப்போ பிரதமர் அட்லி, உண்மை. போருக்கு அப்புறம் கஜானா காலி. 1946-ல் பம்பாயில் கடற்படை வீரர்களே கலகம் செஞ்சாங்க. ஊரெல்லாம் வேலைநிறுத்தம். இதுக்கு மேல ஆள முடியாதுன்னு தெரிஞ்சுதான் கிளம்பினான்.

இன்னொரு கணக்கும் இருக்கு. தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல். அப்போ பிரதமர் பால்ட்வின், கன்சர்வேட்டிவ். அப்படின்னா தொழிற்சங்க உரிமை பால்ட்வின் போட்ட பிச்சையா? 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிங்க சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினாங்க. வாடியாவும் திரு.வி.க.வும் கூட நின்னாங்க. ஆலை முதலாளி சங்கத் தலைவர்கள் மேல ஐகோர்ட்டில் வழக்குப் போட்டான். அந்த வழக்கில் பட்ட அடிதான் 'சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேணும்'கிற குரலைக் கிளப்புச்சு. சட்டத்தின் வேர் லண்டனில் இல்ல, நம்ம பெரம்பூரில் இருக்கு.

அந்த 1926 சட்டத்தைத்தான் 2020-ல் தொழில் உறவுத் தொகுப்புக்குள்ள சுருட்டிட்டாங்க. வேலைநிறுத்தம்னா 14 நாள் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணுமாம். திருவொற்றியூர், மணலி, எண்ணூர்னு ஷிஃப்ட் பாக்குற ஒவ்வொரு தோழருக்கும் இது தெரியணும்.

ஆளுறவன் நல்லவனா கெட்டவனான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா ஒண்ணும் கிடைக்காது. சங்கம் இருக்கா, கேக்க ஆள் இருக்கான்னு பாருங்க.

அடுத்த தடவை அந்த ஃபார்வர்ட் வந்தா, இந்தப் பதிவை அனுப்புங்க.

#வடசென்னை #சிங்காரவேலர் #தொழிற்சங்க_உரிமை