காலடிப் பாதை பிரபு போட்ட பிச்சையா?

இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பிய கனவான்கள் அந்நாட்டுக் கிராமங்களைப் பற்றி உருகி உருகிப் பேசுவார்கள். கல் வீடுகளாம், சின்னஞ்சிறு பாலமாம், வயலுக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையாம். வழிகாட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் நடக்கலாமாம். பிரபுவின் நிலமாயிருந்தாலும் தடுப்பாரில்லையாம். "ஆங்கிலேயரின் பெருந்தன்மையே பெருந்தன்மை!" என்று முடிப்பார்கள்.

பாதை இருப்பது மெய். பெருந்தன்மை என்பது கலப்படமற்ற பொய்.

அந்தப் பாதைகளில் பல, தடியடி பட்டும் சிறைக்குப் போயும் உழைக்கும் ஜனங்கள் திறந்தவை. ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் இந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். டெர்பிஷயர் ஜில்லாவில் ஹேஃபீல்டு. அங்கிருந்து கிழக்கே சுமார் ஒரு மைல் நடந்தால் பௌடன் பிரிட்ஜ் என்ற இடத்தில் பழைய கல்குவாரி ஒன்று வரும். அதைத் தாண்டினால் கிண்டர் நீர்த்தேக்கம். பிறகு வில்லியம் கிளஃப் என்ற ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக ஏறினால், 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலம். இன்று பட்டணத்துக் குடும்பங்கள் குழந்தைகளுடன் நடந்து போகும் வழி இது. 1932இல் இந்த வழியே மேட்டு நிலத்தில் ஏறியவர்களுக்குக் கிடைத்த பரிசு ஜெயில்!

நிலம் போன கதை

முதலில் ஒரு கேள்வி. அந்த மேடு பிரபுவுக்குச் சொந்தமானது எப்படி? அவர் பாட்டன் உழுதாரா? கல் பொறுக்கினாரா?

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் ஊர்ப் பொது நிலம் இருந்தது. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி. ஏழையின் ஒற்றை மாடு அங்கே மேய்ந்தது. அடுப்புக்குச் சுள்ளி அங்கே கிடைத்தது. அந்த நிலத்தைத்தான் வேலி போட்டு வளைத்தார்கள். திருட்டுத்தனமாக அல்ல, சட்டப்படி! 1604 முதல் 1914 வரை 5,200க்கும் அதிகமான வளைப்பு மசோதாக்களைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. போன நிலம் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அதே நிலப்பிரபுக்கள்தான். திருடனே நீதிபதி, திருடனே சாட்சி.

நிலம் இழந்தவர்களில் ஏராளமானோர் பிழைப்புத் தேடி எங்கே போனார்கள்? மான்செஸ்டருக்கும் போல்ட்டனுக்கும், பஞ்சாலை நகரங்களுக்குப் போனார்கள். நேற்றைய விவசாயி இன்றைய ஆலைத் தொழிலாளி ஆனான். கிராமத்துப் பிரபுவும் ஆலை முதலாளியும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். ஒரு முனை நிலத்திலிருந்து இழுத்தது. மறுமுனை இயந்திரத்தில் கட்டியது.

காட்டுக்கோழிக்கு இடமுண்டு, மனிதனுக்கு இல்லை

வளைத்த மேடுகளில் பிரபுக்கள் நெல் விளைவிக்கவில்லை, கோதுமை விளைவிக்கவில்லை. குரௌஸ் என்ற காட்டுக்கோழியை வளர்த்தார்கள். ஆகஸ்டு 12இல் தொடங்கி டிசம்பர் 10 வரை அதைச் சுடும் பருவம். அதிலும் சில நாட்கள் துப்பாக்கி விளையாட்டு. அந்தச் சில நாள் உல்லாசத்துக்காக வருஷம் முழுவதும் மேடு பூட்டிக்கிடந்தது. தடியுடன் வேட்டைக் காவலர்கள் காவல் நின்றார்கள்.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1896 செப்டம்பரில் போல்ட்டன் நகருக்கு அருகே, வின்டர் ஹில் குன்றுக்குப் போகும் வழியை எயின்ஸ்வொர்த் என்ற கர்னல் அடைத்தார். அவர் நிலப்பிரபு, வேட்டைக்கு இடைஞ்சலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமார் 10,000 பேர் திரண்டு, வாயிற்கதவை உடைத்துக்கொண்டு குன்றேறினார்கள். சோஷலிஸ்டுகள் முன்நின்று நடத்திய ஊர்வலம் அது. கோர்ட்டு என்ன செய்தது? கர்னல் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த வழி பொதுப்பாதை என்று முறைப்படி பதிவாக 1996 வரை, நூறு வருஷம் பிடித்தது!

"மனுப்போட்டுக் கேட்டிருக்கலாமே" என்று சில சாந்த சீலர்கள் சொல்வார்கள். மனுவும் போட்டுப் பார்த்தாயிற்று, ஐயா! மலைகளில் நடக்க உரிமை கோரும் மசோதாவை 1884இல் ஜேம்ஸ் பிரைஸ் என்ற அங்கத்தினர் பார்லிமெண்டில் கொண்டுவந்தார். தோற்றது. மறுபடி மறுபடி கொண்டுவந்தார்கள். மறுபடி மறுபடி தோற்றது. கடைசியாக 1939இல் ஒரு சட்டம் வந்தது. 55 வருஷக் காத்திருப்புக்குக் கிடைத்தது என்ன? அத்துமீறி நடப்பதைச் சில சந்தர்ப்பங்களில் தண்டனைக்குரிய குற்றமாக்கும் ஷரத்து! ரொட்டி கேட்டவனுக்குக் கல்.

1932 ஏப்ரல் 24

அந்த வருஷம் பிரிட்டனில் வேலையில்லாதோர் ஏறத்தாழ 30 லட்சம் பேர். மான்செஸ்டர் வாலிபர்களுக்கு வாரம் முழுவதும் புகையும் தூசியும். ஞாயிறன்று கொஞ்சம் நல்ல காற்று வேண்டும் என்றால், கண்ணெதிரே நிற்கும் மேட்டில் கால் வைக்கக் கூடாது.

ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. சுமார் 400 பேர் ஹேஃபீல்டில் கூடினார்கள். கல்குவாரியில் கூட்டம் நடந்தது. பேசியவர் பென்னி ராத்மன். வயது 20. வாலிபக் கம்யூனிஸ்டு, தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தின் ஊழியர். பேச்சு முடிந்ததும் வில்லியம் கிளஃப் வழியே ஏறினார்கள். டெவன்ஷயர் பிரபுவின் காவலர்கள் தடியோடு மறித்தார்கள். கைகலப்பு நடந்தது. கூட்டம் மேலே ஏறியது. மேட்டின் அந்தப் பக்கம் ஈடேல் கிராமத்திலிருந்து ஏறிவந்த தோழர்களைச் சந்தித்தது. திரும்பி வரும்போது ஹேஃபீல்டில் போலீஸ் காத்திருந்தது.

அத்துமீறி நடப்பது அன்றைய சட்டப்படி கிரிமினல் குற்றமே அல்ல. ஆகவே என்ன செய்தார்கள்? "கலகக் கூட்டம்" என்று வழக்கு ஜோடித்தார்கள். டெர்பி கோர்ட்டில் ஜூலை மாதம் விசாரணை. ஜூரியில் ராணுவ அதிகாரிகளும் கிராமத்துக் கனவான்களும். ஒருவரிடம் லெனின் புத்தகம் இருந்தது என்பதும் சாட்சியமாக எடுக்கப்பட்டது! ராத்மன் தன் வழக்கைத் தானே வாதாடினார். ஐந்து வாலிபர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

நடைப்பயணச் சங்கங்களின் தலைமையில் இருந்த பெரிய மனிதர்கள் இந்த வாலிபர்களைக் கண்டித்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. "பேச்சு வார்த்தையைக் கெடுத்துவிட்டார்கள்" என்றார்கள். ஆனால் சிறைத் தண்டனை ஜனங்களை உலுக்கிவிட்டது. சில வாரங்களில் அதே வட்டாரத்தில் வின்னாட்ஸ் கணவாயில் சுமார் 10,000 பேர் கூடி உரிமை முழக்கமிட்டார்கள். அரை நூற்றாண்டு மனுவால் அசையாத நாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை அசைத்தது.

கிடைத்தது எவ்வளவு?

யுத்தத்துக்குப் பின், 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் முதலாவதாக அறிவிக்கப்பட்ட பூங்கா கிண்டர் இருக்கும் பீக் வட்டாரமே. ஈடேலிலிருந்து புறப்பட்டு 268 மைல் நீளும் பென்னைன் நெடுவழி 1965இல் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, தரிசு மேடு, பொதுநிலம் ஆகியவற்றில் தாராளமாக நடமாடும் உரிமை தந்தது. 2002இல், பழைய டெவன்ஷயர் பிரபுவின் வாரிசு அதே பௌடன் பிரிட்ஜில் நின்று தன் முன்னோர் செய்ததற்கு வருத்தம் தெரிவித்தார். எழுபது வருஷம் கழித்து!

இதனால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லவே இல்லை. 2000 சட்டம் திறந்தது இங்கிலாந்து நிலத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு மட்டுமே. அண்டையில் ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் ஜனங்கள் நடமாடலாம். அங்கே பூமி பிளந்துவிட்டதா? அதே உரிமையை இங்கிலாந்துக்கும் தருவதாக எதிர்க்கட்சியாக இருந்தபோது சொன்ன லேபர் கட்சி, 2023இலேயே வாக்கைக் கைவிட்டது. டார்ட்மூர் மேட்டில் கூடாரமடித்து இரவு தங்கும் உரிமையைப் பறிக்க ஒரு பெரும் நிதி முதலாளி வழக்குத் தொடுத்து 2023 ஜனவரியில் ஜெயித்தார். ஆயிரக்கணக்கானோர் மேட்டில் திரண்டு எதிர்த்தார்கள். மேல் கோர்ட்டு தீர்ப்பை மாற்றியது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றமும் ஜனங்களின் உரிமையை உறுதிசெய்தது. கிடைத்த உரிமையையும் காவல் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"நடப்பவர்கள் பயிரை மிதித்துவிடுவார்களே" என்று பிரபுக்கள் திடீரென்று விவசாயிக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள். உழுதவன் பயிரை மிதிக்க யாரும் உரிமை கேட்கவில்லை. 2000 சட்டமே உழுத நிலத்தையும் வீட்டுத் தோட்டத்தையும் விலக்கிவைத்திருக்கிறது. கிண்டர் மேட்டில் மிதிபட்டது பயிரல்ல, பிரபுவின் கர்வம்!

"கூலியும் வீடும் இல்லாதவனுக்கு நடைபாதை ஒரு கேடா?" என்று சில தோழர்களும் கேட்கக்கூடும். நாம் அவர்களுக்கு அன்புடன் சொல்கிறோம்: கூலிக்காகப் போராடுவது எட்டு மணி வேலைக்கு உயிர் வாழ. மீதி நேரம் யாருக்குச் சொந்தம்? ஓய்வு நாளும், நல்ல காற்றும், நடக்க ஒரு பாதையும் பணக்காரனுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தவர் யார்? உழைப்பைச் சுரண்டுபவன்தான் ஓய்வையும் சுரண்டுகிறான். இரண்டையும் சேர்த்தே மீட்க வேண்டும்.

ஹேஃபீல்டு கல்குவாரிப் பாறையில் இன்று அந்த நாளின் நினைவுப் பலகை இருக்கிறது. அதைத் தாண்டி நடப்பவர்களில் பலருக்கு ராத்மனின் பெயர் தெரியாதிருக்கலாம். பாதை தெரியும். அது போதும். ஆனால் அதைப் பிரபுவின் கொடை என்று யாராவது சொன்னால், நாம் வாய்மூடி இருக்க மாட்டோம்.

பாதை யாரும் போட்ட பிச்சையல்ல! நடந்தவர் கால்கள் சம்பாதித்த சொத்து!