பத்து மணிக்கு மேல் கட்டியங்காரன்

ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள், 2000 இரவு என்று வரையறுப்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் கட்டைக்கூத்து ஆடப்படும் நேரமும் ஏறத்தாழ இதுவே. விதியை எழுதியவர்கள் கூத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. வைத்து எழுதியிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்காது. பங்குனியிலிருந்து மகாபாரதக் கதைகளை ஆடும் பாரதக் கூத்துக்குத் தாம்பூலம் வாங்கி ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு ஜமாவும், அதாவது கூத்துக் குழுவும், இந்த எட்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

விதி 5 திறந்தவெளியில் இரவில் ஒலிபெருக்கியைத் தடுக்கிறது. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல் 10 மணி முதல் நள்ளிரவு 12 வரை விலக்கு அளிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18இல் தடையை உறுதி செய்தது. அக்டோபர் 28இல் அந்த விலக்கும் செல்லும் என்றது. ஆனால் மாநிலம் முழுவதையும் ஒரே அலகாகக் கொள்ள வேண்டும், மாவட்டத்துக்கு ஒரு தேதி கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. பின்னால் வந்த திருத்தம் மாவட்ட நிர்வாகத்துக்கும் இடம் கொடுத்து, விலக்கு நாட்களை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்கிறது. ஜூலைத் தீர்ப்பை எளிதில் பழிக்க முடியாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியின் அலறல் அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி இரைச்சலில் யார் காதிலும் விழாமல் போனதுதான் அந்த வழக்கின் தொடக்கம். தூக்கம் மனிதரின் உரிமை என்பதில் கூத்தாடிக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

சிக்கல் 2010 திருத்தத்தில் இருக்கிறது. அதுவரை ஒலிபெருக்கி வகைகள் மட்டும் இருந்த இடத்தில் ஒலி எழுப்பும் கருவி, இசைக்கருவி என்ற சொற்களும் வந்து உட்கார்ந்தன. ஆகவே, மைக் செட்டை அணைத்துவிட்டு ஆடுகிறோம் என்பது இப்போது சட்டப்படி விடையாகாது. முகவீணையும் மிருதங்கமும் கைத்தாளமும் எழுத்தளவில் தடைக்குள் அடங்குகின்றன. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். மரக்கட்டை அணிகள் பூண்ட கட்டை வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் எடுக்கும் முதல் வீச்சிலேயே அது தாண்டிப்போகும். பல தலைமுறைகள் மின்சாரமே இல்லாமல் ஆடிய ஒரு கலையை, மின்சார இரைச்சலுக்காக எழுதிய விதி பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதில் ஜமாக்களின் பங்கும் இல்லாமலில்லை. மரக்கிளையில் நான்கு திசைக்கு நான்கு குழாய் ஒலிபெருக்கி கட்டி, அடுத்த ஊர் ஏரிக்கரை வரைக்கும் கர்ணன் குரல் போக வேண்டும் என்று விழாக் குழு கேட்கும்போது மறுப்பவர் குறைவு. கூத்துக்களத்தில் பார்வையாளர் மூன்று பக்கமும் நெருங்கி உட்காருகிறார்கள். அவர்களை நோக்கித் தாழ வைத்த இரண்டு பெட்டி ஒலிபெருக்கி போதும். பாடகருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று என மைக் நிறுத்தினால் முகவீணைக்குத் தனி மைக் வேண்டியதில்லை. குழாய் கட்டக் கூடாது என்பதைத் தாம்பூலம் வாங்கும்போதே ஜமாவின் வாத்தியார் பேசி முடிப்பது நல்லது. மேடை போட்ட பிறகு பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது நேரம். விலக்கு கிடைத்த நாளிலும் 12 மணிக்கு நிறுத்த வேண்டும் என்றால், 7 மணிக்கே களரி கட்டித் தொடங்குவதைத் தவிர வழியில்லை. ஐந்து மணி நேரத்தில் எந்தக் கதை அடங்கும் என்பதற்குப் பொதுவிதி கிடையாது. கீசக வதமும் கர்ண மோட்சமும் ஓரளவு சுருங்கும். கதை ஒரே முடிச்சைச் சுற்றி வருவதால் கிளைக் காட்சிகளை விட்டாலும் உயிர் நிற்கிறது. அர்ஜுனன் தபசு அப்படிச் சுருங்காது. தபசு மரம் ஏறுவது நேர்த்திக்கடனோடு பிணைந்தது. பிள்ளை வரம் வேண்டி மரத்தடியில் காத்திருக்கும் பெண்களை மணியைக் காட்டி எழுப்பிவிட முடியாது. பதினெட்டாம் போர் விடிந்தபின் படுகளத்தில் முடிவதால் அதன் கடைசிப் பகுதிக்குச் சட்டத்தில் தடையில்லை. அதற்கு முந்தைய இரவுதான் அந்தரத்தில் தொங்குகிறது. திரைப் பிரவேசங்களில் தாராளமாகக் கத்தரிக்கலாம். ஒரே இரவில் நான்கு கட்டை வேடங்களும் முழுத் திரை விருத்தத்தோடு வர வேண்டியதில்லை. முதன்மை வேடம் ஒன்றுக்கு முழுப் பிரவேசம் கொடுத்து, மற்றவற்றைத் தரு என்னும் ஒரு பாட்டோடு நிறுத்தலாம். பின்பாட்டின் திரும்பத் திரும்ப வரும் அடிகள் குறையலாம். இடையில் நுழையும் சினிமாப் பாட்டு போனால் யாரும் அழமாட்டார்கள். பத்து ரூபாய் அன்பளிப்பு தந்தவரின் பெயர், தகப்பனார் பெயர், வகையறா, வாழ்த்து என்று நீளும் அறிவிப்புகளைக் கதை மாறும் இரண்டு இடங்களில் சேர்த்து வாசித்தாலே கணிசமான நேரம் மிஞ்சும்.

நடைமுறையில் ஜமாக்கள் வெட்டுவது இவற்றை அல்ல. வெட்டப்படுவது கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரனின் வசனம். பாட்டு எழுத்தில் இருக்கிறது, தரு கணக்கில் இருக்கிறது, வேடத்துக்குக் கூலி பேசியாயிற்று. எழுதாமல் வாயில் வருவது மட்டுமே கேட்பாரற்றுக் கிடக்கிறது. உடலையும் கரையையும் கோக்கும் கோர்வைத் தறியில் கரை நாடா போடும் துணையாளை அனுப்பிவிட்டு, உடலை மட்டும் நெய்து புடவை என்று கொடுப்பதைப் போன்றது இது.

கட்டியங்காரன் செய்வதைக் கோமாளித்தனம் என்று ஒதுக்குபவர் கூத்தை நடத்திப் பார்த்தவராக இருக்க முடியாது. உள்ளே வரும் வேடத்தை யார், எந்த நாடு என்று கேட்டுத் தன் வாயாலேயே தன்னைச் சொல்ல வைப்பவர் அவர். விருத்தத்தின் கடினச் சொல்லை ஊர்ப் பேச்சில் அவிழ்ப்பதும், அடுத்த வேடத்துக்கு ஒப்பனை முடியவில்லை என்று உள்ளிருந்து சைகை வந்தால் கால் மணி நேரத்தை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவதும் அவரே. சேவகனும் தோழனும் வாயில் காப்போனும் அவரே. ஜரிகை விலை, கூலி பாக்கி, தூர் வாராத ஏரி எல்லாம் துரியோதனன் சபைக்குள் வருவது அவர் வாய் வழியாகத்தான். பகடைத் துகில் கதையில் திரௌபதியின் துகில் உரியும் காட்சியில் கூட்டத்தில் யாருக்கேனும் சாமி வந்துவிட்டால், களத்தைக் கைக்குள் வைத்திருப்பதும் அவர் பொறுப்பு.

இந்த வேலைக்கு வெளியுலகில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய அமெரிக்கர்கள் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில், ஆடுபவர்கள் ஆளுக்கொரு மாயக்கதைப் பாத்திரம் ஏற்றுப் பேசுகிறார்கள். பகடை சில முடிவுகளைத் தருகிறது. நடத்துநர் ஒருவர் உலகை விவரித்து, சில்லறைப் பாத்திரங்கள் அனைத்தையும் தாமே பேசி, ஓட்டத்தைப் பிடிக்கிறார். அதை நடத்துவது எப்படி என்று கைகாக்ஸ் 1979இல் தடித்த நூலே எழுதினார். அந்த ஆட்டத்தைப் பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரைகள் கட்டியங்காரனுக்குப் புதியவை அல்ல: காட்சியின் முடிவை முன்பே பூட்டிவைக்காதே, எதிரில் இருப்பவர் தரும் சொல்லை வாங்கிக்கொண்டு மேலே போ, சோர்வு தெரிந்தால் புதிய ஆளை உள்ளே விடு, ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் மற்றவரிடம் கேள்வியைத் திருப்பு. வேறுபாடு இரண்டு. பகடைத் துகிலில் காய் சகுனி பக்கமே விழும் என்பது முன்வரிசைக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே என்ன நடக்கும் என்பதில் இல்லாத திறப்பு முழுவதும் எப்படி நடக்கும் என்பதில் குவிகிறது. இரண்டாவது, மேசைக்காரர் நான்கு மணி நேரத்தில் மூடிவைத்து அடுத்த வாரம் தொடரலாம். பாரதத்தில் நாளைய இரவுக்கு நாளைய கதை காத்திருக்கிறது.

வசனம் போனால் சிரிப்பு மட்டும் போவதில்லை, பயிற்சியும் போகிறது. கூத்துக்குப் பள்ளிக்கூடம் நீண்ட இரவுதான். எட்டு மணி நேரம் இருந்தால் ஒரே பாத்திரத்தை இருவர் பகிரலாம். கூட்டம் கண்ணயரும் வேளையில் இளையவரை இறக்கிப் பார்க்கலாம். அவர் தடுமாறினால் கட்டியங்காரன் ஒரு கேள்வி போட்டுத் தூக்கிவிடுவார். ஐந்து மணி நேர ஆட்டத்தில் இதற்கு இடமே இல்லை. விழாக் குழு காசு கொடுப்பது பெரிய வேடக்காரருக்கு; சுருங்கிய இரவு முழுவதும் அவருக்கே போகும். சின்ன வேடத்திலிருந்து கட்டை வேடத்துக்கு ஏறும் படிகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக உடைகின்றன. 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சையரசந்தாங்கலில் குருகுலம் அமைத்துப் பள்ளிப் படிப்போடு கூத்தையும் சிறுவர் சிறுமியருக்குக் கற்பித்தது. 2020இல் அந்தக் குருகுலமும் மூடப்பட்டது. இப்போது பயிற்சிக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பது ஆடுகளமான களரியே. அதற்கும் மணி அடித்தாயிற்று.

அரசின் வெவ்வேறு கைகள் ஒன்றையொன்று அறியாமல் நீள்வதே பெரிய கொடுமை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உச்ச நீதிமன்றம் இரவு ஒலித் தடையை உறுதி செய்ததும் அதே காலத்தில்தான். புடவையின் கோர்வையும் ஜரிகையும் எப்படி இருக்க வேண்டும் என்று பதிவு செய்து காக்கும் அரசுக்கு, அதே மண்ணின் கூத்து எத்தனை மணி நேரம் இருந்தால் கூத்தாகும் என்று கேட்கத் தோன்றவில்லை. கலை விழா மேடைக்கு அழைத்தால் சில நிமிடத் துண்டு, சான்றிதழ், பொன்னாடை. ஊர்க் களரிக்கு அனுமதி கேட்டால் காவல் நிலையத்தில் அரைநாள் காத்திருப்பு. நலவாரிய அட்டையில் கலைஞர் என்று எழுதித் தருவதும், அந்தக் கலை முழு வடிவில் நடக்கும் இரவில் ஒலிபெருக்கியைப் பிடுங்க ஆள் அனுப்புவதும் ஒரே அரசுதான். பாரத விழா எந்த நாளில், எந்த ஊரில் என்பது பூசாரிக்கும் பிரசங்கியாருக்கும் மாதங்களுக்கு முன்பே தெரியும். மாவட்ட நிர்வாகத்துக்கு மட்டும் அது ஒவ்வோர் ஆண்டும் கடைசி நாளில் வந்து விழும் செய்தி.

கர்நாடகம் இந்த இடத்தைக் கொஞ்சம் முன்னதாகவே எட்டியது. கடீல் துர்கா பரமேசுவரி கோயிலின் யட்சகானக் குழுக்களான மேளங்கள் 2022இல் இதே ஒலி விதியை முன்னிட்டு விடிய விடிய ஆடுவதை விட்டு, மாலையில் தொடங்கி இரவோடு முடிக்கும் கால வரம்பு ஆட்டத்துக்கு மாறின. பக்தர்கள் எதிர்த்தார்கள், விவகாரம் உயர் நீதிமன்றம் போயிற்று, ஒலி வரம்புக்கு உட்பட்டு 2024இல் இரவு ஆட்டம் திரும்பியது. கடீலுக்குப் பின்னால் செல்வாக்குள்ள கோயில் இருந்தது. வந்தவாசிப் பக்கத்து ஜமாவுக்குப் பின்னால் இருப்பது கடன்பட்டு விழா எடுக்கும் ஒரு கிராமம். அதனால் தனித்தனி ஜமா வழக்காடுவது நடக்கிற காரியமல்ல.

செய்யத்தக்கது விண்ணப்பத்தை மாற்றுவது. விலக்கு நாட்கள் ஆண்டுக்கணக்கில் எண்ணப்படுவதால், அடுத்த ஆண்டின் பாரதக் கூத்து நாட்களை ஊர், கோயில், கதை வாரியாகத் தொகுத்து, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, விழுப்புரம் ஆட்சியர் அலுவலகங்களில் டிசம்பருக்குள் ஜமாக்கள் ஒன்றுசேர்ந்து கொடுக்க வேண்டும். எத்தனை பெட்டி ஒலிபெருக்கி, எந்தத் திசை, எத்தனை மணிக்கு மைக் அணையும் என்பதும் அதில் இருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் ஒலிபெருக்கி இல்லாமல் தொடரும் கூத்தை 2010 திருத்தத்தின் இசைக்கருவித் தடையிலிருந்து நீக்கக் கோரும் மனு தனியாக, ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போக வேண்டும். அந்தச் சொல்லை மாற்றும் அதிகாரம் மாவட்டத்திலும் இல்லை, சென்னையிலும் இல்லை. அதுவரை கதையைச் சுருக்கும் வாத்தியார்கள் திரையில் வெட்டட்டும், தருவில் வெட்டட்டும், அன்பளிப்பு அறிவிப்பில் வெட்டட்டும். கட்டியங்காரன் வசனத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம்.