ஒன்பது பேருக்கு ஒரு தொலைநோக்கி



புகைவண்டிப் பயணத்துக்கென்றே ஒரு பேச்சு முன்பெல்லாம் இருந்தது. எதிர் இருக்கையில் அமர்ந்தவரிடம் "எந்த ஊர்?" என்று தொடங்கினால் போதும். இறங்குமுன் அவர் பிள்ளைகளின் படிப்பும், தாயாரின் மூட்டுவலியும், பெண்ணுக்கு வரன் தேடும் கவலையும் நமக்குத் தெரிந்துவிடும். புளிச்சோற்றுப் பொட்டலம் இரண்டாகப் பிரியும். இன்றோ ஆளுக்கொரு கைப்பேசி, காதிலே ஒலிக்கருவி. எட்டு மணி நேரம் தோள் உரச அமர்ந்தும், பக்கத்தில் இருந்தவர் முகம் நினைவில் நிற்பதில்லை.

இருப்பினும், முன்பின் அறியாதோர் நொடியில் உறவாகிவிடும் இடங்கள் இன்னும் சில உண்டு. பறவை பார்க்கும் மேடை அவற்றுள் ஒன்று.

மதுராந்தகம் அருகே உள்ளது வேடந்தாங்கல் ஏரி. ஒரு தை மாதக் காலையில் அங்குள்ள காட்சிக் கோபுரத்தில் ஒன்பது பேர் நின்றோம். ஊர் வேறு, தொழில் வேறு. எங்களிடையே இருந்ததோ ஒரே ஒரு தொலைநோக்கி. அதற்கு உரியவர் ஒரு கல்லூரி மாணவர். நல்ல பிள்ளை, அருகில் நின்ற சிறுமியிடம் அதைக் கொடுத்தார். பிறகு அது அவர் கைக்குத் திரும்ப நெடுநேரமாயிற்று.

"ஐயோ, தண்ணீரில் பாம்பு!" என்று அலறினாள் சிறுமி. பாம்பன்று, பாம்புத்தாரா. உடலை நீருக்குள் அமிழ்த்தி, நீண்ட கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும் பறவை அது. சற்று நேரத்தில் கிளையேறி, நனைந்த சிறகுகளை விரித்து வெயிலில் காயவைத்தது. "விடுதியில் படித்த நாளில் நானும் இப்படித்தான் ஞாயிறுதோறும் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பேன். இருந்ததே இரண்டு சட்டை!" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

அடுத்து வந்தது நத்தைகுத்தி நாரை. அதன் மேலலகும் கீழலகும் நடுவே ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். நத்தையைப் பற்ற அது உதவுகிறது என்று மாணவர் விளக்கினார். "அப்படியானால் வாய் மூடவே மூடாதா?" என்று கேட்ட அம்மையார், தம் கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் அந்தக் கணவரே.

கோபுரத்தின் மூலையில் ஒரு பெரியவர் தனியே நின்றிருந்தார். யாரோடும் பேசவில்லை. சிறுமி அவரிடம் தொலைநோக்கியை நீட்டினாள். "தாத்தா, அந்த மூன்றாவது மரம். கூட்டில் இரண்டு குஞ்சு இருக்கிறது, பாருங்கள்." அவர் வெகுநேரம் பார்த்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: "என் மனைவி காக்கைக்கு வைக்காமல் ஒருநாளும் சாப்பிடமாட்டாள். அவள் போய் ஏழு மாதமாகிறது. காக்கை இன்னும் அதே நேரத்துக்கு வருகிறது. இப்போது நான்தான் சமைத்து வைக்கிறேன். சோறு குழைந்துவிடுகிறது, ஆனால் காக்கை குறை சொல்வதில்லை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். அந்த அம்மையார் தம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினார்.

பறவை பார்ப்பதில் உள்ள விந்தை இதுவே. தாம் கண்டதை மற்றவரும் காணும்வரை நம் மனம் அமைவதில்லை. காட்டிக் கொடுப்பதால் நமக்கு ஒன்றும் குறைவதுமில்லை. பணம் படைத்தவர் என்பதற்காக எந்த நாரையும் அருகில் வந்து அமர்வதுமில்லை!

பறவையை நோக்கி நீண்டது எப்போதும் தொலைநோக்கியாக இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் இதே ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டுத் தடுத்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1936இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று.

அமெரிக்காவிலோ, கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து, யார் மிகுதியாகச் சுட்டு வீழ்த்துவது என்று போட்டியிடும் வழக்கம் இருந்தது. ஃபிராங்க் சாப்மன் என்னும் பறவையியலாளர், "சுடுவதை விட்டு எண்ணுவோம்" என்னும் எண்ணத்தை முன்வைத்தார். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 27 பேர், 25 இடங்களில், தாங்கள் கண்ட பறவைகளை எண்ணிக் குறித்தனர். அந்தக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் தொடர்கிறது. தமிழகத்திலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதை எண்ணிக் குறித்தால் போதும். வீட்டுக் கொல்லைப்புறமும் அதற்கு ஏற்ற இடமே. குடும்பத்தோடு செய்து பாருங்கள். மைனாவா, தவிட்டுக்குருவியா என்று தாத்தாவும் பேரனும் வாதாடுவதைக் கேட்பதே ஓர் இன்பம்.

அடுத்த முறை பேருந்தின் சன்னல் வழியே, மின்கம்பியில் ஒரு கரிச்சான் இரட்டைவாலை ஆட்டி அமர்ந்திருக்கக் கண்டால், பக்கத்தில் இருப்பவரிடம் "அதோ பாருங்கள்" என்று சொல்லுங்கள். அவர் காதுக்கருவியைக் கழற்றுவாரோ மாட்டாரோ என்று தயங்கிக்கொண்டிருக்க வேண்டாம். பறவை பறந்துவிடும், சீக்கிரம் சொல்லுங்கள்!