விளம்பரத்தில் முகம் தெரிகிறது, செலவு தெரிவதில்லை

நாளிதழில் வரும் முழுப்பக்க அரசு விளம்பரத்தின் கீழ் மூலையைப் பாருங்கள். 'செ.ம.தொ.இ.' என்று தொடங்கி, பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். செய்தி மக்கள் தொடர்புத் துறை கொடுத்த விளம்பரம் என்பதற்கு அதுதான் அடையாளம். மத்திய அரசின் விளம்பரங்களிலும் இதுபோல ஒரு குறியீட்டு எண் உண்டு. எத்தனை லட்சம் செலவானது என்பது மட்டும் எங்கும் இருக்காது.

யார் படம் வரலாம் என்பதில்தான் இத்தனை ஆண்டுகளும் சண்டை நடந்தது. அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோர் படம் மட்டுமே இருக்கலாம் என்று 2015 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசும் தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்களும் மறுஆய்வு கோரின. 2016 மார்ச்சில் ஆளுநர், முதல்வர், அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. தமக்குள் எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இதில் மட்டும் ஒரே அணியில் நின்றன!

2025-இல் 'உங்களுடன் ஸ்டாலின்' பெயரை வைத்து வழக்கு வந்தது. உயிருடன் இருக்கும் அரசியல் தலைவர்களின் பெயரைப் புதிய திட்டங்களுக்கும் அவற்றின் விளம்பரங்களுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஜூலை 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்ட் 6 அன்று அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுத்த அதிமுக எம்.பி. சி.வி.சண்முகத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. தலைவர்கள் பெயரில் திட்டங்கள் நாடெங்கும் இருக்கும்போது ஒரு கட்சியை மட்டும் குறிவைப்பதா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. அதில் நியாயம் உண்டு. ஆனால் செலவுக் கணக்கு இந்த முறையும் பேசப்படவில்லை.

2015 தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்தது மாதவ மேனன் குழுவின் அறிக்கை. விளம்பரச் செலவுக்குத் தனித் தணிக்கை வேண்டும், தேர்தலுக்கு முன்பு விளம்பரங்களை நிறுத்த வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. நீதிமன்றம் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. இருக்கிற தணிக்கை முறையே போதும் என்றது. என் பார்வையில், சறுக்கியது அங்கேதான். வழக்கமான தணிக்கை அறிக்கை வந்து சேர்வதற்குள் தேர்தலே முடிந்துவிடும்.

டெல்லியைப் பாருங்கள். 2017 மார்ச் வரை வந்த விளம்பரங்களுக்காக வட்டியோடு சுமார் 163 கோடி ரூபாயைக் கட்டும்படி ஆம் ஆத்மி கட்சிக்கு நோட்டீஸ் போனது 2023 ஜனவரியில்! அதே ஆண்டு, விரைவு ரயில் திட்டத்துக்குத் தன் பங்கைத் தரப் பணம் இல்லை என்றது டெல்லி அரசு. அப்படியானால் மூன்று ஆண்டு விளம்பரச் செலவைக் காட்டுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். 1,073 கோடி என்று கணக்கு வந்தது. 415 கோடியை ரயிலுக்குக் கொடுக்க உத்தரவாக, அந்த ஒரு தொகை வெளியே வந்ததே போதுமானதாக இருந்தது.

விளம்பரமே தவறு என்று யாரும் சொல்லவில்லை. மகளிர் உரிமைத் தொகைக்கு யாருக்குத் தகுதி, எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்லும் விளம்பரம் ஏழைக் குடும்பத்துக்கு உதவி. அதைக் கொடுக்கிற பணம் மக்களின் அமானிதம் என்பதால்தான் கணக்குக் கேட்கிறோம். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு அரசுச் செலவில் மொத்தமாக அனுப்பும் கடிதங்களில், இது அரசுப் பணத்தில் அனுப்பப்படுகிறது என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். தேர்தல் நெருங்கும்போது அப்படி அனுப்பவும் தடை உண்டு. நம் விளம்பரங்களில் அந்த வரியோடு தொகையையும் சேர்த்து அச்சிட எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

பத்திரிகைகள் இதைக் கேட்கும் என்று நம்பாதீர்கள். அவற்றின் வருமானமே அதில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, வரவு செலவு விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிடும்படி அரசு அலுவலகங்களுக்குச் சொல்கிறது. அது நடக்காத இடத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும். எந்த நாளில், எந்த இதழுக்கு, எந்தத் துறையின் நிதியிலிருந்து எவ்வளவு என்று கேளுங்கள். மூலையில் இருக்கும் அந்தப் பொடி எண்ணையும் மறக்காமல் மனுவில் குறிப்பிடுங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும்.